அறுபத்தைந்துக்கு முன்னர் வரும் மறதிநோய்: வேலையை விடுவதற்கு முதல் கேட்க வேண்டியவை



சென்ற மாதம் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் பதினைந்து நிமிடம் பேசிய விடயம் இது. நிகழ்ச்சி முடிந்த கையோடு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, "அந்த மாதக் கணக்கை இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றே கேட்டன. வானொலியில் கணக்குச் சொன்னால் யார்தான் எழுதி முடிப்பார்கள்? ஆகவே நேரம் போதாமல் அன்று விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் வைத்தியர் அல்ல. வணிகமாணிப் பட்டம் பெற்று, நியூ ஜேர்சியில் கால் நூற்றாண்டாக மற்றவர்களின் கணக்குப் பார்த்துச் சீவிப்பவன். மருத்துவம் பற்றி இங்கே வருவதை உங்கள் வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கணக்குப் பற்றி வருவதை என்னிடம் கேட்கலாம்.

என்னை இந்த விடயத்துக்குள் இழுத்துவந்தவர் ஓர் அண்ணை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். குடும்பத்தின் சம்மதத்தோடு, சில அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இருப்புக் கணக்குப் பார்க்கும் வேலை. வருடா வருடம் மார்ச் மாதம் வருமான வரிக்கு என்னிடம் வரும்போது அவருடைய பைல் ஒரு கண்காட்சி. ஒவ்வொரு பற்றுச்சீட்டும் திகதி வரிசையில், நிறம் நிறமாகப் பிரித்து, மேலே பென்சிலால் கூட்டுத்தொகை போட்டிருக்கும். 2017 மார்ச்சில் பலசரக்குக் கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். மின்சார பில்லும், கோயில் அர்ச்சனைச் சீட்டும், மகளின் பள்ளிக்கூடக் கடிதமும் ஒன்றாகக் கிடந்தன. நான் சிரித்துக்கொண்டு, "என்ன அண்ணை, வயது போகுதோ? மனிசியிட்டக் குடுத்து அடுக்கிக்கொண்டு வாங்கோ" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அந்தப் பையை நான் இன்னும் மறக்கவில்லை. களஞ்சியத்தில் அவருடைய மேலதிகாரி கண்டதற்கு முன்னரே நான் கண்டுவிட்டேன், ஆனால் கண்டது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

2018 ஒக்ரோபரில் அவர் வேலையை இராஜினாமாச் செய்தார். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருந்தன. "துரத்துறதுக்கு முதல் மரியாதையா நானே விட்டிடுறன்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா குடி என்று சந்தேகப்பட்டார். பிறகு ஊரில் இருக்கும் காணிப் பிரச்சினை பற்றிய யோசனை என்று நினைத்தார். நாங்கள் எல்லோரும் மனவழுத்தம் என்றோம். 2020 இலையுதிர் காலத்தில்தான், இரண்டு வைத்தியர் மாறி, இளவயதில் தொடங்கும் அல்சைமர் நோய் என்று சொன்னார்கள்.

முதியவர்களின் நோய் ஐம்பது வயதில் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. அல்சைமர் என்ற பெயரே ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண்ணால் வந்தது. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1901இல் அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் முதலில் பார்த்த ஒகுஸ்ரே டெற்றர் என்ற அந்த நோயாளிக்கு அப்போது 51 வயது. 1906இல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்து அதே வருடம் அல்சைமர் அறிவித்தார். 1910இல் கிரப்பெலின் தமது பாடநூலில் நோய்க்கு அவருடைய பெயரை வைத்தார். அதன்பிறகு பல பத்தாண்டுகள் அறுபத்தைந்துக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வருவதைத்தான் அல்சைமர் என்றார்கள். வயதானவர்களின் மறதியும் பெரும்பாலும் அதே நோய்தான் என்பது 1970களில்தான் பொதுவாக ஏற்கப்பட்டது. இப்போது நிலைமை தலைகீழ். பராமரிப்பு நிலையங்களும் சட்டங்களும் அறுபது, அறுபத்தைந்து என்ற வயதுக் கதவுகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஐம்பது வயதுக்காரர் வெளியே நிற்கிறார்.

65 வயதுக்கு முன்னர் தொடங்கினால் அதை இளவயது டிமென்சியா என்பார்கள். 2021இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 30 முதல் 64 வயதுக்கு உட்பட்டவர்களில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 119 பேர், உலகம் முழுவதும் 39 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. எல்லாம் அல்சைமர் அல்ல. நெற்றிப்புற மூளையைத் தாக்கும் பிரண்டோ-டெம்பொரல் வகை உண்டு. நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அந்த வகை என்று 2023 பெப்ரவரியில் குடும்பத்தார் அறிவித்தார்கள். இதில் ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும், குணம் மாறும், அல்லது சொற்கள் வராமல் போகும். இன்னொரு வகையில் கண் சரியாக இருக்கும், ஆனால் மூளைக்குப் படிக்கட்டும் எழுத்தும் பிடிபடாது. இளவயதில் மறதி முதல் அறிகுறியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. வேலையில் பிழை, காசுக் கணக்கில் குழப்பம், பழகிய பாதையில் தடுமாற்றம், இருந்தாற்போல் கோபம் அல்லது எதிலும் அக்கறையின்மை, இவைதான் பல வீடுகளில் முதலில் தெரிகின்றன.

எங்கள் சமூகத்தில் இதற்கு இன்னொரு திரையும் உண்டு. எண்பத்து மூன்றையும் அதற்குப் பிந்திய வருடங்களையும் கடந்து வந்த ஒருவர் பேசாமல் இருந்தால், நித்திரை கொள்ளாவிட்டால், நாங்கள் உடனே "பழைய நினைவுகள்" என்று ஒதுக்கிவிடுகிறோம். வைத்தியரும் அகதி என்று அறிந்ததும் அதையே எழுதிவிடுவது உண்டு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பரிசோதிக்காமல் முடிவு செய்யக்கூடாது. மனவழுத்தம், தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி-12 குறைபாடு, நித்திரையில் மூச்சு அடைபடும் நோய், இவையெல்லாம் மறதிநோய் போலத் தோன்றும், இவற்றுக்கு வைத்தியமும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் பி-12ஐ மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். ஞாபகப் பரிசோதனையை ஆங்கிலத்தில் செய்தால் வருவது ஆங்கிலத்துக்கான புள்ளியாகவும் இருக்கலாம். மொக்கா என்ற பரிசோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் பணம் பெறும் வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தகப்பனுக்கு இந்த நோய் என்ற வசனத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் தமிழாக்கம் செய்ய நேர்ந்த வீடு எனக்குத் தெரியும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். அண்ணை இராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று எவ்வளவு இழந்தார் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலாவது, வேலைத்தலம் எடுத்துக் கொடுத்திருந்த நீண்டகால ஊனக் காப்புறுதி. சம்பளத்தின் 60 வீதத்தை மாதா மாதம் தந்திருக்கும். வேலையில் இருக்கும்போது நோய் என்று பதிந்திருக்க வேண்டும். விட்டபின் கேட்டபோது இல்லை என்றார்கள். இரண்டாவது, நியூ ஜேர்சி மாநிலத்தின் தற்காலிக ஊனக் கொடுப்பனவு, 26 கிழமை வரை. அதையும் கேட்கவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் நேயர்களுக்கு இதே வகைக் கொடுப்பனவு 52 கிழமை வரை உண்டு. ரெக்சாஸில் மாநிலத் திட்டம் கிடையாது. அங்கே வேலைத்தலக் காப்புறுதிதான் ஒரே துணை, ஆகவே அந்தப் பத்திரங்களை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, சோஷல் செக்கியூரிட்டி ஊனக் கொடுப்பனவு. இதற்கு வயது தடையில்லை, வேலை செய்து வரி கட்டிய வரலாறு வேண்டும். பொதுவாகக் கடைசிப் பத்து வருடத்தில் ஐந்து வருட வேலை. அதாவது வேலையை விட்டு ஏறத்தாழ ஐந்து வருடம் போனால், முன்பு முப்பது வருடம் கட்டியிருந்தாலும் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். நோய் என்று அறியாமல் வேலை இழந்து வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. 2010 முதல் இளவயது அல்சைமர் நோய் விரைவு அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. பிரண்டோ-டெம்பொரல் வகையும் அதில் உண்டு. சரியான மருத்துவ அறிக்கைகளோடு விண்ணப்பித்தால், மாதக்கணக்கில் இழுபடும் தீர்மானம் வாரக்கணக்கில் வரும். விண்ணப்பத்தில் நோயின் பெயரை அந்தப் பட்டியலில் உள்ளபடியே வைத்தியர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஆனால் விரைவு என்பது தீர்மானத்துக்குத்தான். காசு வருவதற்கு முழுதாக ஐந்து மாதக் காத்திருப்பு அப்படியே இருக்கிறது. கொடுப்பனவு தொடங்கியதிலிருந்து 24 மாதம் போனபிறகுதான் மெடிகெயார் மருத்துவக் காப்புறுதி. ஐந்தும் இருபத்து நாலும் இருபத்தொன்பது. இனி வேலைத்தலக் காப்புறுதியைச் சொந்தச் செலவில் தொடரும் கோப்ரா ஏற்பாட்டைப் பாருங்கள். வழமையாக 18 மாதம். வேலை நின்று கோப்ரா தொடங்கிய முதல் 60 நாட்களுக்குள் அவர் ஊனமுற்றவராக இருந்தார் என்று சோஷல் செக்கியூரிட்டி தீர்மானித்தால், மேலும் 11 மாதம் நீடிக்கலாம். பதினெட்டும் பதினொன்றும் இருபத்தொன்பது! இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து முட்டுவது தற்செயல் அல்ல, அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே வைத்தது. ஒரு நிபந்தனை: தீர்மானக் கடிதம் வந்து 60 நாட்களுக்குள், 18 மாதம் முடிவதற்கு முன்னர், அதைக் காப்புறுதித் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டுப்பணமும் குறைவல்ல. முதல் 18 மாதம் முழுத் தொகையின் 102 வீதம், அதன்பிறகு 150 வீதம் வரை கேட்கலாம். நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் வருமானம் குறைந்தால் மெடிகெய்ட் ஒரு மாற்றுவழி. கலிபோர்னியாவில் அதற்கு மெடிகால் என்று பெயர். ரெக்சாஸ் 2014இன் விரிவாக்கத்தில் சேராத மாநிலம். அங்கே அந்த 29 மாதத்தைத் தாண்டுவது மிகக் கடினம்.

அண்ணை 2020 நவம்பரில்தான் விண்ணப்பித்தார். நோய் முன்னரே தொடங்கியது என்று ஏற்றுக்கொண்டாலும், விண்ணப்பத்துக்குப் பின்னோக்கி 12 மாதத்துக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். 2019 ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டிய கொடுப்பனவு 2019 நவம்பரிலிருந்துதான் கணக்கிடப்பட்டது. ஏழு மாதக் காசு போனது. மெடிகெயாரும் ஏழு மாதம் பிந்தியது. அவருடைய காசு மட்டுமல்ல, பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் தகப்பனின் கணக்கிலிருந்து ஒரு பங்கு உண்டு. பிள்ளை ஒன்றுக்கு அவருடைய தொகையில் பாதி வரை, குடும்பத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்துத் தருவார்கள். மகனுக்கு வரவேண்டியதும் ஏழு மாதம் போனது.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முதல் வைத்தியரிடம் போங்கள். பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப்படி நியாயமான வசதி கேட்கலாம்: எழுத்தில் கட்டளை, அமைதியான மேசை, இலகுவான பணிக்கு மாற்றம். ஐம்பது பேருக்கு மேல் என்றால் 1993ஆம் ஆண்டின் சட்டப்படி 12 கிழமை சம்பளமற்ற விடுப்பு, துண்டு துண்டாகவும் எடுக்கலாம். பராமரிக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ இதே சட்டத்தில் விடுப்பு உண்டு. கலிபோர்னியாவில் 2004 முதலும் நியூ ஜேர்சியில் 2009 முதலும் அதற்கு ஓரளவு கொடுப்பனவும் உண்டு.

வேறு சில சிறு விடயங்கள், ஓடி ஓடிச் சொல்கிறேன். முழு ஊனம் என்றால் 401-கே சேமிப்பை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தாலும் 10 வீதத் தண்டம் இல்லை, வரி உண்டு. பிள்ளையின் பல்கலைக்கழகத்துக்குப் பெற்றோர் பெயரில் எடுத்த கூட்டாட்சிக் கடனை நிரந்தர ஊனத்தின் பேரில் ரத்துச் செய்ய விண்ணப்பிக்கலாம். 46 வயதுக்கு முன்னர் நோய் தொடங்கியவர்களுக்கு, 2026 ஜனவரி முதல் ஏபிள் என்ற வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்குத் திறக்க முடியும். முன்பு அந்த எல்லை 26 வயதாக இருந்தது.

காசு முடிந்தது. இனிப் புனர்வாழ்வு. இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் காதில் முகாமும் முட்கம்பியும் நிவாரண அரிசியும்தான் வருகின்றன. வைத்தியத்தில் அதன் பொருள் வேறு. பக்கவாதம் வந்தவருக்கு நடக்கப் பழக்குகிறார்களே, அதுதான். "மறதிநோய் கூடிக்கொண்டு போற வருத்தமல்லோ, அதில என்ன பழக்கிறது?" என்று அக்கா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவுஸ்திரேலியாவில் கேற் சுவாபர் என்ற பெண்மணிக்கு 2008இல், ஐம்பது வயதாகுமுன் இந்த நோய் கண்டது. வேலையை விடு, படிப்பை விடு, இருக்கும் காலத்தை அனுபவி என்று அவருக்குச் சொன்னார்களாம். அதற்கு அவர் வைத்த பெயர் "மருந்துச் சீட்டில் எழுதித்தந்த ஒதுக்கம்" என்ற பொருள்பட வரும். தனக்கு வேண்டியது புனர்வாழ்வு என்று அவர் வாதாடினார். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட புனர்வாழ்வுச் சேவைகளின் தொகுப்பில் டிமென்சியாவும் இடம்பெற்றிருக்கிறது.

இழந்த ஞாபகத்தைத் திருப்பித் தருவதாக யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லி மாத்திரையோ கணினி விளையாட்டோ விற்பவர்களைக் கண்டால் பணப்பையை இறுகப் பிடியுங்கள். இன்னும் செய்யக்கூடியதை இன்னும் கொஞ்சக் காலம் தானே செய்வதுதான் இலக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லிண்டா கிளேர் தலைமையில் நடந்த கிரேற் என்ற ஆய்வு 2019இல் வெளியானது. 475 பேர். நோயாளி தானே தெரிவு செய்த இரண்டு மூன்று வேலைகளை, கைத்தொலைபேசி பாவிப்பது, சமையலைக் கருகவிடாமல் முடிப்பது போன்றவற்றை, சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் பத்து முறையும் அடுத்த ஆறு மாதத்தில் நாலு முறையும் பழக்கினார். ஞாபகப் பரிசோதனைப் புள்ளி ஏறவில்லை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட வேலைகளைச் செய்வது தெளிவாகத் திருந்தியது, ஒன்பது மாதம் போனபின்னும் நின்றது. அதில் பெரும்பாலானோர் முதியவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். முறை இளவயதினருக்கும் அதுவேதான், தெரிவு செய்யும் வேலைகள்தான் வேறு.

அண்ணை வீட்டுக்கு 2022இல் ஓர் ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட் வந்தார். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். முதல் நாள் அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "காலையில் எழும்பினால் என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டார். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கத்துப் பெண். அண்ணை "பிளேன்ரீ" என்றதும் அவருக்கு விளங்கவில்லை. பால் இல்லாத வெறுந்தேநீர் என்று அக்கா இடையில் புகுந்து சொன்னார். மூன்று விடயம் எழுதினார்கள். விடியப் பிளேன்ரீ தானே போடுவது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயாருடன் தானே தொலைபேசியில் கதைப்பது. பூங்காவைச் சுற்றி நடந்து வீட்டுக்குத் திரும்பி வருவது.

குசினி மேடையில் இருந்த மற்ற எல்லாப் போத்தல்களையும் எடுத்துவிட்டார்கள். கொதித்ததும் தானாக நிற்கும் கேத்தல். தேயிலை, சீனி இரண்டு ரின் மட்டும், முன்னால் படம் ஒட்டி. சுவரில் ஐந்து படிகள், தமிழில், கொட்டை எழுத்தில். அந்த அட்டையை எழுதியவர் மகள். இங்கே பிறந்த பிள்ளை, எங்கள் ஞாயிறு பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், "கேத்தல்" எழுதுவதற்கு மூன்று முறை என்னை அழைத்தார். பழக்கும்போது ஒரு விதி: ஊகிக்க விடக்கூடாது. "அடுத்தது என்ன, யோசியுங்கோ பாப்பம்" என்று நாங்கள் கேட்போமே, அது கூடாது. பிழையாகச் செய்தால் பிழையே பழகிவிடும். சரியான படியை முன்கூட்டியே காட்டி, மெல்ல மெல்லக் கையை எடுப்பது. பாடம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் பழைய முறைக்கு இது நேர்மாறு. அக்காவுக்கு நாக்கை அடக்க ஒரு மாதம் எடுத்தது.

தொலைபேசியில் தாயாரின் படம் ஒட்டிய ஒரே பொத்தான். பூங்காவுக்கு முதல் பத்து முறை மகன் கூடவே, பிறகு இருபது அடி பின்னால், பிறகு வாசலில் நின்று. இப்போது அந்த நடை தனியே இல்லை. இரண்டு வருடம் இருந்தது.

பன்னிரண்டு வருகைக்குப் பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்பிய நிறுவனம், "முன்னேற்றம் இல்லை, மெடிகெயார் தராது, நிறுத்துகிறோம்" என்றது. நேயர்களே, இதைக் குறித்து வையுங்கள். ஜிம்மோ என்பவருடைய பெயரால் அறியப்படும் வழக்கில் 2013 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, மெடிகெயார் சிகிச்சைக்கு முன்னேற்றம் நிபந்தனை அல்ல. இருக்கும் நிலையைக் காப்பதற்கும், சரிவைத் தாமதப்படுத்துவதற்கும் தேர்ச்சி பெற்ற சிகிச்சையாளரின் கை தேவை என்றால் கொடுக்க வேண்டும். அக்கா அதை அச்செடுத்துக் கொடுத்தார். சிகிச்சையாளர் திட்டத்தை "நிலை காத்தல்" என்று மாற்றி எழுதினார், வருகை தொடர்ந்தது. தனியார் காப்புறுதிகள் எல்லாவற்றையும் இந்த இணக்கம் கட்டுப்படுத்தாது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

சொற்கள் தொலைந்துபோகும் வகை நோய் என்றால் பேச்சுச் சிகிச்சையாளர்தான் முதல் ஆள். சிக்காகோவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆய்வு, பேச்சுச் சிகிச்சையை வீடியோ அழைப்பு மூலம் வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்று பரீட்சித்தது. வெகுதொலைவில் சிறிய ஊர்களில் இருக்கும் ரெக்சாஸ் குடும்பங்கள் வீடியோ வழி பற்றித் தங்கள் வைத்தியரிடம் கேட்கலாம். எந்த மொழியில் பயிற்சி என்பதையும் முதலே தீர்மானியுங்கள். வீட்டில் தமிழ் கதைப்பவருக்கு ஆங்கிலச் சொற்களைப் பழக்கி என்ன பயன்?

கார் ஓட்டுவது பெரிய சண்டை. கலிபோர்னியாவில் வைத்தியர் இந்த நோயை அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர், அங்கிருந்து சாரதி அனுமதித் திணைக்களத்துக்குப் போகும். அதை வைத்தியர் காட்டிக்கொடுத்தார் என்று எடுக்காதீர்கள். ஓட்டும் திறனைச் சோதிக்கும் ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனை முடிவு குடும்பத்தின் வாயிலிருந்து வராமல் மூன்றாமவரிடமிருந்து வருவது வீட்டுக்கு நல்லது.

வேலை இல்லாத பகல் நீளமானது. வழமையான பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் எண்பது வயதினர் நடுவே ஐம்பது வயதுக்காரரை இருத்தினால் இரண்டாம் நாளே போகமாட்டேன் என்பார். யப்பானில், தோக்கியோ பக்கத்து மச்சிடா நகரில் ஒரு பகல் நிலையம் இருக்கிறது. அங்கே வருபவர்கள் ஒரு கார் விற்பனை நிலையத்தின் கார்களைக் கழுவிச் சிறு தொகை பெறுகிறார்கள். தெற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஹார்ட்வேர் கடையில், கூட ஓர் ஊழியரை வைத்துக் கிழமைக்கு ஒரு நாள் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். இங்கே எங்கள் கோயில் மடப்பள்ளியிலும் பாடசாலை நூலகத்திலும் வானொலி நிலையத்திலும் அப்படி ஒரு மேசையை ஒதுக்க முடியாதா என்று நிர்வாகசபைகளைக் கேட்கிறேன். அண்ணை எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு சனியும் பழைய இசைத்தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டார். உறை மாறிப் போனதில் ஒரு முறை பக்திப் பாடலுக்குப் பதில் பைலா ஒலிபரப்பானது. நேயர்கள் அதையும் ரசித்தார்கள்.

பராமரிப்பவருக்கு என்ன இருக்கிறது? இதில் விரிகுடாப் பகுதி நேயர்களுக்கு ஒரு பெருமை. 1977இல் சான் பிரான்சிஸ்கோவில், வயதெல்லையால் எங்கும் இடம் கிடைக்காமல் அலைந்த, மூளை பாதிப்புற்றவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அது இன்று பமிலி கெயார்கிவர் அலையன்ஸ். அவர்களுடைய முயற்சியால் 1984இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. மாநிலம் முழுவதும் இப்போது பதினொரு நிலையங்கள், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவருடைய குடும்பத்துக்கும் ஆலோசனை, ஓய்வு உதவி. சமையற்கட்டுகளில் இருந்து தொடங்கியதுதான் அது. மற்ற மாநிலங்களில் முதியோர் பணியகத்துக்கு அழைத்தால் "அறுபது வயதுக்கு மேல்தான்" என்று வைத்துவிடுவார்கள். 2006இல் திருத்தப்பட்ட முதியோர் சட்டத்தின்படி, அல்சைமர் மற்றும் அதுபோன்ற நோயுள்ளவர் எந்த வயதினராயினும் அவரைப் பராமரிக்கும் குடும்பத்தவர் பராமரிப்பாளர் உதவித் திட்டத்தில் சேரலாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

மெடிகெயார் கிடைத்தபின் கைட் என்ற திட்டத்தைக் கேளுங்கள். 2024 யூலையில் எட்டு வருடத்துக்குத் தொடங்கியது. ஒரு வழிகாட்டி, இருபத்து நாலு மணிநேரத் தொலைபேசி, நிலைமையைப் பொறுத்து வருடம் 2500 டொலர் வரை ஓய்வுப் பராமரிப்பு. வயது தடையில்லை. ஆனால் அரசின் நேரடி மெடிகெயாரில் இருக்க வேண்டும், தனியார் நடத்தும் அட்வான்ரேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அட்வான்ரேஜில் சேர்க்க வீட்டுக்கு வரும் முகவர் இதைச் சொல்லமாட்டார். நியூ ஜேர்சியில் ஊனக் கொடுப்பனவு பெறுபவர்கள் வருமான எல்லைக்குள் இருந்தால் பாட் என்ற மருந்துச் செலவுத் திட்டத்துக்கும் தகுதி உண்டு. ரெக்சாஸில் வீட்டுப் பராமரிப்புக்கான ஸ்ரார் பிளஸ் காத்திருப்புப் பட்டியலில், தேவை வரும்வரை பாராமல் பெயரை இப்போதே பதியுங்கள்.

பத்திரங்கள் இரண்டு. அற்றோணித் தத்துவத்தை அவர் விளங்கிக் கையெழுத்திடக்கூடிய காலத்திலேயே ஒரு சட்டத்தரணியிடம் முடியுங்கள். பிந்தினால் நீதிமன்றம், பாதுகாவலர் நியமனம், ஆயிரக்கணக்கில் செலவு. ஆனால் சோஷல் செக்கியூரிட்டி அற்றோணித் தத்துவத்தை ஏற்பதில்லை. அவர்களிடம் தனியாகப் பிரதிநிதியைப் பதிய வேண்டும். 2020 முதல் மூன்று பெயரை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம்.

கடைசியாக, எங்களுக்கே உரிய ஒன்று. தஞ்சம் கிடைத்து, பச்சை அட்டை எடுக்காமலே வருடக்கணக்காக இருப்பவர்கள் இன்னும் எங்களில் இருக்கிறார்கள். 2025 யூலை 4ஆம் திகதி கையெழுத்தான சட்டம், மெடிகெயாரைப் பிரசைகளுக்கும் பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் வேறு சில குறித்த பிரிவினருக்கும் மட்டுப்படுத்திவிட்டது. அகதி, தஞ்ச நிலை மட்டும் உள்ளவர்கள் அதற்குள் இல்லை. ஏற்கெனவே பெறுபவர்களுக்கும் 18 மாத அவகாசம்தான் வைத்தார்கள். பச்சை அட்டைப் பத்திரத்தை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பிரசாவுரிமைக்கு ஆங்கிலமும் வரலாறும் பாடமாக்க இந்த நோயில் முடியாது என்று பயப்படுபவர்களுக்கு என்-648 என்ற படிவம் இருக்கிறது. வைத்தியர் நிரப்பி, அதிகாரி ஏற்றால், அந்தப் பரீட்சையிலிருந்து விலக்கு.

அல்சைமர் சங்கத்தின் தொலைபேசி இருபத்து நாலு மணிநேரமும் உண்டு: 800-272-3900. எடுத்தவுடன் "தமிழ்" என்று மட்டும் சொல்லிப் பொறுத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அடுத்த மாத முதல் ஞாயிறு நிகழ்ச்சிக்கு அக்கா வருகிறார். நாக்கை அடக்கியது எப்படி என்று அவரிடமே கேளுங்கள். இந்த மார்ச்சில் வரிக் கணக்குக்குப் பை பையாகக் கொண்டுவருபவர்களும் வாருங்கள். நான் இனிச் சிரிக்கமாட்டேன், இரண்டு கேள்வி கேட்பேன்.